சிஸ்கோ பிரைம் இன்ஃப்ராஸ்ட்ரக்சர்: இணை சர்வர் அமைப்பு

ரவுட்டர், சுவிட்ச், வயர்லெஸ் கருவிகளை நிர்வகிக்கும் இம்மென்பொருளை, தடையின்றி இயங்குவதற்காக முதன்மை, துணை என இரு சர்வர்களில் நிறுவலாம். முதன்மையின் தரவுத்தளம் தொடர்ந்து துணைக்கு நகலாகும். முதன்மை செயலிழந்தால் பொறுப்பு தானாகவோ நிர்வாகியின் ஆணைப்படியோ துணைக்கு மாறும். திரும்புவது மட்டும் எப்போதும் கைமுறைதான். இது நல்ல ஏற்பாடு, ஏனெனில் அரைகுறையாகச் சீரான சர்வர் மீண்டும் பொறுப்பேற்கக் கூடாது. துணையின் திறன் முதன்மைக்குக் குறையக் கூடாது. மென்பொருள் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒரே சப்நெட்டில் இருந்தால் இரண்டும் ஒரு மெய்நிகர் ஐபி முகவரியைப் பகிரலாம்; எந்த சர்வர் இயங்கினாலும் கருவிகளில் மாற்றம் தேவையில்லை. வேறு ஊரில் வைத்த துணைக்கு இவ்வசதி கிடையாது, ஆனால் முதன்மையின் கட்டடமே மின்சாரம் இழந்தாலும் கண்காணிப்பு தொடரும். இடையிலுள்ள இணைப்பு அறுந்தால் இரண்டுமே பொறுப்பேற்கும் ஆபத்து உண்டு. ஆகவே தொலைதூர அமைப்புக்குக் கைமுறை மாற்றமே ஏற்றது.