மரத்தின் மேல் ஒரு பாய்மரம்

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கிழக்கே செல்லும் சாலை அக்கரையில் கடலை நெருங்குகிறது. அதற்கு வடக்கே நீலாங்கரை, கொட்டிவாக்கம், ஊரூர் குப்பம் எனவும், தெற்கே கானத்தூர், கோவளம் எனவும் மீனவர் ஊர்கள் தொடர்கின்றன. துடுப்புப் போட்டுச் செல்லும் மிதவையைப் பாய் விரித்தோடும் கலமாக மாற்றுவது இந்த ஊர்களில் ஒரு காலத்தில் அன்றாட வேலையாக இருந்தது. அந்தக் கலமே கட்டுமரம். மீனவர் பேச்சில் வெறும் ‘மரம்’.

எடை குறைந்த மரத்துண்டுகளைச் செதுக்கி, நடுமரம் சற்றுத் தாழவும் பக்கமரங்கள் சற்று உயரவும் அடுக்கி, இரு முனைகளிலும் கயிற்றால் இறுகப் பிணைத்தால் கட்டுமரம் உருவாகிவிடும். கரை திரும்பியதும் கட்டை அவிழ்த்து, ஊறிய மரங்களை மணலில் உலர்த்துவர். ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் இந்தக் கலத்தைத் தமிழ்ப் பெயராலேயே குறிப்பிட்டார். சென்னை மாகாண மீன்வளத் துறையை நடத்திய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வில் இதை விரிவாக ஆராய்ந்தார். இருப்பினும் பொதுவான எழுத்துகளில் கட்டுமரம் ஏதோ ஒரு பழங்காலத் தெப்பமாகவே பேசப்படுகிறது. அது சரியான கணிப்பன்று. பாய் ஏற்றிய நிலையில் அதைப் பார்த்தாலொழிய அதன் உண்மையான திறன் விளங்காது.

துடுப்புப் போடுபவர் தம் விசையைத் தாம் விரும்பும் திசையில் செலுத்தலாம். காற்றோ பாயில் மோதிக் கலத்தை முன்னோக்கி மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் தள்ளும். நீரைக் கிழித்து நிற்கும் ஆழமான அடிப்பகுதி இல்லாத கலம், பாய் கட்டியவுடன் காற்று போகும் பக்கமே நழுவும். துடுப்புப் படகுக்குப் பாய் கட்ட முனையும் எவரும், எந்த நாட்டவராயினும், முதலில் சந்திக்கும் சிக்கல் இதுதான். கட்டுமரக்காரர் இதற்கு நீண்ட பலகையொன்றை நீருக்குள் செங்குத்தாக இறக்கினர். பலகை பக்கவாட்டு நழுவலைத் தடுக்க, காற்றின் விசை முன்னோட்டமாக மாறியது. ஆழம் குறைந்த கரையோரத்தில் பலகையை மேலே இழுத்துக்கொண்டால் போதும். சுக்கானுக்கும் தனி அமைப்பு தேவைப்படவில்லை. பின்புறம் பிடித்த துடுப்பே அந்த வேலையைச் செய்தது.

பாய்மரத்தை நிறுத்துவது அடுத்த வேலை. ஆணி அடித்துச் சேர்க்காத மரங்களின் மேல் கம்பத்தை நட்டால், காற்றின் இழுப்பு முழுவதும் கட்டுக்கயிறுகளின் மேல் விழும். ஆகவே கட்டின் இறுக்கமே கலத்தின் வலிமையாக அமைந்தது. பாயைத் தாங்கும் சாய்ந்த கம்பு பருமல் எனப்படும். பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான் எனப்படும். முக்கோண வடிவான பருத்திப் பாய் உப்புநீரில் மக்காமலிருக்க, மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்துச் சாயமேற்றப்பட்டது. செம்பழுப்பாகத் தொலைவிலிருந்தே தெரிந்த அந்த நிறம் அழகுக்காக ஏற்றப்பட்டதன்று.

இந்த ஏற்பாட்டுக்குக் காற்றின் ஒழுங்கே அடிப்படை. விடியலுக்கு முன் நிலத்திலிருந்து வீசும் காற்றில் மரங்கள் கடலுக்குள் செல்லும். நண்பகலை ஒட்டி எழும் கடற்காற்று அவற்றைக் கரைக்குத் திருப்பும். கோடையின் பிற்பகுதியில் மேல்காற்று வலுத்துக் கடற்காற்று தாமதமாகும் நாட்களில், எதிர்க்காற்றில் குறுக்கும் மறுக்குமாக ஓடியே கரை சேர வேண்டும். நீருக்குள் இறக்கிய பலகையின் அருமை அப்போதுதான் புலப்படும். அலை உடையும் இடத்தை நெருங்கும்போது பாயைச் சுருட்டிவிட்டு மீண்டும் துடுப்பை எடுப்பர். ஒரே நாளில் ஒரே கலம் துடுப்புக்கும் பாய்க்கும் இடையே இவ்வாறு மாறிக்கொண்டிருந்தது.

இந்த ஊர்களுக்குச் சற்று மேற்கே, கடலுக்கு இணையாக, பக்கிங்ஹாம் கால்வாய் ஓடுகிறது. அங்கே சரக்குப் படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தனர், கோலால் ஊன்றித் தள்ளினர், காற்று வாய்த்தபோது பாயும் விரித்தனர். ஆனால் குறுகிய கால்வாயில் எதிர்க்காற்றை வெல்ல இடமில்லாததால் பாய் அங்கே ஒரு துணையாக மட்டுமே இருந்தது.

மேற்குலகில் இன்று ‘கேட்டமரான்’ எனப்படுவது இரட்டை உடல் கொண்ட படகு. 1876இல் நியூயார்க் போட்டியில் வென்ற நத்தானியல் ஹெரெஷாஃபின் ‘அமரில்லிஸ்’ அவ்வகையில் புகழ்பெற்ற தொடக்கம். பெயர் தமிழ்க் கரையிலிருந்து சென்றதாயினும் வடிவம் சோழமண்டலத்தினுடையதன்று.

சோழமண்டலக் கரையிலோ கட்டுமரத்துக்குப் பதிலாகக் கண்ணாடியிழைப் படகும் வெளிப்பொருத்து எஞ்சினும் ஏற்கெனவே பரவத் தொடங்கியிருந்தன. 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வழங்கப்பட்ட படகுகள் அந்த மாற்றத்தை விரைவுபடுத்தின. பாய் கட்டிய முதியோர் சிலர் இந்தக் குப்பங்களில் இன்னும் இருக்கின்றனர். பலகையை எவ்வளவு இறக்குவது, எந்தக் காற்றுக்குத் தாமானை எவ்வளவு தளர்த்துவது என்பனவற்றை அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்யும் பணியைச் சென்னையின் பல்கலைக்கழகங்கள் உடனே மேற்கொள்ள வேண்டும்.