எப்போதும் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு

விமானம் தரையில் ஊர்ந்து போகும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடங்களில் யாரும் பயப்படுவதில்லை. ஃபோனை அணைத்து வைக்கிறோம், ஜன்னல் வழியே புல்தரையைப் பார்க்கிறோம், பக்கத்து சீட்காரர் அதற்குள் தூங்கிவிடுகிறார். பயமெல்லாம் மேலே ஏறிய பிறகுதான். ஆனால் விமான விபத்துகளிலேயே அதிக உயிர்களைக் கொண்டுபோனது தரையில் நடந்த ஒன்று. 1977 மார்ச் 27 அன்று கேனரித் தீவுகளில் உள்ள டெனெரிஃபில், பனிமூட்டத்துக்குள் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஒரே ஓடுதளத்தில் மோதிக்கொண்டன. 583 பேர் இறந்தார்கள்.

டெனெரிஃப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அதற்குப் பின் வானொலிப் பேச்சின் இலக்கணமே மாறியது. ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லைப் புறப்பட அனுமதி தரும்போது மட்டுமே சொல்ல வேண்டும் என்று ஆனது. பாடம் கற்றாயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 24 ஆண்டுகள் கழித்து, இத்தாலியின் மிலான் நகரில், லினாத்தே விமான நிலையத்தில், ஏறக்குறைய அதே கதை திரும்ப நடந்தது. எனக்கு டெனெரிஃபைவிட லினாத்தேதான் அதிகம் உறுத்துகிறது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

2001 அக்டோபர் 8, திங்கட்கிழமை காலை. அடர்ந்த மூடுபனி. 200 மீட்டருக்கு அப்பால் எதுவும் சரியாகத் தெரியவில்லை. கோபென்ஹேகன் கிளம்ப வேண்டிய எஸ்.ஏ.எஸ் நிறுவனத்தின் எம்.டி-87 விமானத்தில் 110 பேர். மேற்குப் பக்கத்தில், தனியார் விமானங்கள் நிற்கும் இடத்தில், ஒரு சிறிய செஸ்னா ஜெட். அதில் இரண்டு விமானிகள், இரண்டு பயணிகள். பாரிஸ் போக வேண்டும். அந்த அளவு மூடுபனியில் இயங்குவதற்கான தகுதி அந்த விமானிகளுக்கு இல்லை என்பது பிறகுதான் பேசப்பட்டது.

மேற்குப் பக்கத்திலிருந்து இரண்டு பாதைகள் பிரிகின்றன. ஆர்-5 வடக்கே போய், ஓடுதளத்தின் தலைப்பைச் சுற்றிக்கொண்டு போகும். ஆர்-6 தென்கிழக்கே போய், பிரதான ஓடுதளத்தைக் குறுக்கே வெட்டும். கட்டுப்பாட்டாளர் சொன்னது வடக்கே, ஆர்-5 வழியாக. செஸ்னா விமானி ஆர்-5 என்று திருப்பிச் சொன்னார்; ‘வடக்கே’ என்பதைச் சொல்லவில்லை. அது யாருக்கும் உறைக்கவில்லை. பாதை பிரியும் இடத்தில் தரையில் எழுதியிருந்த குறிகள் மங்கிப்போயிருந்தன. செஸ்னா வலது பக்கம் திரும்பி ஆர்-6இல் போனது.

தவறைக் கண்டுபிடிக்க ஒரு வாய்ப்பு வந்தது. போகும் வழியில் விமானி, ‘எஸ்-4ஐ நெருங்குகிறோம்’ என்று வானொலியில் சொன்னார். எஸ்-4 என்பது ஆர்-6இல் தரையில் பெயின்ட்டால் எழுதப்பட்டிருந்த குறி. ஆனால் அது எந்த வரைபடத்திலும் கிடையாது. கட்டுப்பாட்டாளருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எங்கே இருக்கிறாய் என்று ஒருமுறை கேட்டார், வந்த பதிலைத் தன் மனதில் இருந்த படத்தோடு பொருத்திக்கொண்டார். செஸ்னா வடக்கே இருக்கிறது என்றே நம்பி, தொடர்ந்து போகச் சொல்லிவிட்டார்.

நேரில் பார்க்கலாம் என்றால் பனி. திரையில் பார்க்கலாம் என்றால் ரேடார் இல்லை. பழைய தரை ரேடாரை 1999இலேயே நிறுத்திவிட்டார்கள். புதியது வாங்கியாகிவிட்டது, பொருத்தத்தான் இல்லை. ஓடுதளத்துக்குள் யாராவது நுழைந்தால் எச்சரிக்கும் உணரிகளையும் ஏற்கெனவே செயலிழக்கச் செய்திருந்தார்கள். எஸ்.ஏ.எஸ் விமானி வேறு அலைவரிசையில் இருந்ததால் செஸ்னா பேசியது அவர் காதில் விழவே இல்லை.

ஆர்-6இல் ஓடுதளத்துக்கு முன்னால் நிறுத்தக் கோடும் சிவப்பு விளக்குகளும் இருந்தன. அவை எரிந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் கோபுரத்திலிருந்து அவற்றை அணைக்கவோ எரியவிடவோ வழி இல்லை. அனுமதி கிடைத்தாலும் சிவப்பு, கிடைக்காவிட்டாலும் சிவப்பு. ‘தொடர்ந்து போ’ என்ற அனுமதி காதில் ஒலிக்க, செஸ்னா அதைத் தாண்டியது.

காலை 8:10. மணிக்குச் சுமார் 270 கிலோமீட்டர் வேகத்தில், மேலெழும்பத் தொடங்கிய எம்.டி-87 செஸ்னாவின் மேல் மோதியது. வலது எஞ்சினை இழந்த விமானம் சில விநாடிகள் காற்றில் இருந்துவிட்டு, நிலையத்தின் பயணப்பைக் கிடங்கில் போய் விழுந்தது. இரண்டு விமானங்களிலும் இருந்த 114 பேரும், கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்த 4 பேரும் இறந்தார்கள். மொத்தம் 118. ஓடுதளத்தின் மேலேயே எரிந்துகொண்டிருந்த செஸ்னாவைப் பனியில் கண்டுபிடிக்க 20 நிமிடங்களுக்கு மேல் ஆனது.

2004இல் மிலான் நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டாளருக்கும் விமான நிலையத்தின் அன்றைய இயக்குநருக்கும் தலா 8 ஆண்டுகள் சிறை விதித்தது. மேல்முறையீட்டில் இயக்குநர் விடுதலையானார். அதே ஆண்டில் வெளியான விசாரணை அறிக்கையோ வேறொன்றையும் அழுத்திச் சொன்னது: லினாத்தேயில் முறையாகச் செயல்படும் பாதுகாப்பு மேலாண்மை அமைப்பு என்ற ஒன்றே இருக்கவில்லை. ரேடாருக்கு ஒரு அலுவலகம், விளக்குக்கு இன்னொன்று, பெயின்ட்டுக்கு வேறொன்று. அவரவர் பங்கை அவரவர் பார்த்தார்கள், மொத்தத்தையும் பார்க்க ஆள் இல்லை.

இப்போது எனக்கு ஏன் உறுத்துகிறது என்பதற்கு வருகிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், சுவரில் பெரிய திரை ஒன்று உண்டு. சர்வர்களில் பிரச்சினை என்றால் அதில் சிவப்பு வரும். ஒரு கட்டம் மட்டும் எப்போதும் சிவப்பாகவே இருக்கும். புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டபோது, ‘அது அப்படித்தான்ப்பா, விடு’ என்று சொன்னது நான்தான். ஒரு வெள்ளிக்கிழமை இரவு அந்தச் சிவப்பு நிஜமாகவே சிவப்பாக இருந்தது. திங்கட்கிழமைதான் கண்டுபிடித்தோம். எங்களுக்குப் போனது பணம் மட்டும். செஸ்னா விமானிகளை முட்டாள்கள் என்று சொல்ல அதன் பிறகு எனக்கு வாய் வருவதில்லை.

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் இதன் மறுபக்கம் நடந்தது. தனக்கு அனுமதி கிடைத்துவிட்டதாக நினைத்த கடலோரக் காவல்படை விமானம், ஓடுதளத்தில் ஏறி 40 விநாடிகள் நின்றது. அந்த இடத்து நிறுத்த விளக்குகள் பராமரிப்புக்காக அணைத்து வைக்கப்பட்டிருந்தன. கோபுரத்தின் திரையில் எச்சரிக்கை வந்தது, யாரும் கவனிக்கவில்லை. தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 அதன் மேல் மோதியது. காவல்படை விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்தார்கள். ஏ350இல் இருந்த 379 பேரும் பைகளை விட்டுவிட்டு இறங்கித் தப்பித்தார்கள்.

லினாத்தேக்குப் பக்கத்தில், ஃபொர்லானினி பூங்காவில், இறந்தவர்கள் நினைவாக 118 பீச் மரங்களை நட்டிருக்கிறார்கள். ஆளுக்கொரு மரம். எம்.டி-87இல் இருந்தவர்களுக்கும் செஸ்னாவில் இருந்தவர்களுக்கும் கிடங்கில் இருந்தவர்களுக்கும் அங்கே வித்தியாசம் வைக்கவில்லை.