நாகபுரியின் நள்ளிரவு

பண்டைக் காலத்தில் ஆற்றுத்துறைகளும் கடற்கரைப் பட்டினங்களும் செழித்தன. பின்னர் இருப்புப்பாதைச் சந்திப்புகள் நகரங்களாயின. விமானத் தடங்களும் அவ்வாறே ஒரு நகருக்கு ஏற்றம் தர வல்லவை. தந்ததைத் திரும்பப் பெறவும் வல்லவை. இதற்கு நம் நாட்டிலேயே தக்க சான்று நாகபுரி.

1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் கொணர்ந்தார். நெவில் வின்சென்ட் அதனைப் பெல்லாரி வழியே சென்னைக்குக் கொண்டு சென்றார். அஃது ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மாலை போன்ற தடம்.

1949 ஜனவரியில் தொடங்கிய இரவு விமானத் தபால் திட்டமோ வேறு வகையினது. ரபி அகமது கித்வாய் தகவல் தொடர்பு அமைச்சராயிருந்த காலம் அது. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் புறப்பட்ட விமானங்கள் நள்ளிரவையொட்டி நாகபுரியில் கூடின. தபால் பைகள் கைமாறின. பயணிகளும் விமானம் மாறினர். பிறகு அவை நான்கு திசைகளிலும் பிரிந்து பறந்தன.

இதன் நுட்பம் எளிய கணக்கில் அடங்கும். நான்கு நகரங்களை ஒன்றோடொன்று நேரே இணைக்க 6 தடங்கள் வேண்டும். நடுவே ஓரிடத்தில் கூடினால் 4 போதும். பத்து நகரங்களாயின் 45 தடங்களுக்கு மாறாக 10 போதும். ஒவ்வொரு விமானமும் பல ஊர்களுக்குரிய சுமையைச் சேர்த்து ஏந்துவதால் வெறுமையாகப் பறக்க வேண்டுவதில்லை. குறையும் உண்டு: ஒன்று தாமதித்தால் ஏனையவும் காத்திருக்க நேரும்.

டில்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இது சிறு செய்தியன்று. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் இரண்டு இரவுகள் சுமந்து வந்த கடிதம் ஓர் இரவில் வந்து சேரலாயிற்று. 1949 ஏப்ரலிலிருந்து உள்நாட்டுக் கடிதங்கள் கூடுதல் கட்டணமின்றியே விமானமேறின. ஆகவே, பேறுகாலச் செய்தியும் பெற்றோரின் உடல்நிலையும் விரைந்து வருவது செல்வர்க்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

1964இல் கேரவல் ஜெட் விமானங்கள் நம் உள்நாட்டுச் சேவைக்கு வந்தன. பெருநகரங்களுக்கிடையே நேரடித் தடங்கள் பெருகின. 1970களில் நாகபுரியின் நள்ளிரவுக் கூட்டம் கலைந்தது.

அதே பத்தாண்டில், 1973இல், அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பெடரல் எக்ஸ்பிரஸ் நிறுவனம் 14 விமானங்களால் 25 நகரங்களின் பொதிகளை இரவில் திரட்டிப் பிரித்தனுப்பத் தொடங்கியது. நாகபுரி அதற்கு 24 ஆண்டுகள் முந்தியது! எனினும், 1993 முதல் 2009 வரை உலகிலேயே மிகுதியான சரக்கைக் கையாண்ட விமான நிலையம் என்னும் பெருமை மெம்பிசுக்கே வாய்த்தது.

வேறுபாடு எங்கே? நாகபுரியில் பைகள் கைமாறின. மெம்பிசிலோ பிரித்தல், பழுதுபார்த்தல், நிர்வாகம் என ஒரு தொழிலே வேரூன்றியது. நடுவிடமாயிருத்தல் நிலம் தரும் கொடை. அங்கே தொழில் வேரூன்றினாலன்றி, விமானங்கள் நிற்காமற் பறக்கக் கற்றவுடன் அக்கொடையும் பறந்துவிடும்.