நடிப்புரிமையே மூலதனம்: ஜே. சி. வில்லியம்சனின் நாடகத் தொழில், 1874–1913

ஆஸ்திரேலிய நாடக அரங்கை முப்பதாண்டுகளுக்கு மேல் ஆண்டவர் ஜேம்ஸ் காசியஸ் வில்லியம்சன் (1845–1913). அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்த இவருடைய வெற்றிக்கு இரண்டு காரணங்கள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன: நடிகராக அவர் பெற்ற மக்கள் செல்வாக்கு, காட்சி ஆடம்பரத்தில் காட்டிய தாராளம். இரண்டும் உண்மைதான். ஆனால் அன்றைய மெல்போர்னிலும் சிட்னியிலும் தேர்ந்த நடிகர்களுக்கோ துணிந்து செலவழிக்கும் கம்பெனி முதலாளிகளுக்கோ பஞ்சமில்லை. மேடையைவிட, நடிகரைவிட, ஒரு படைப்பை மேடையேற்றும் தனியுரிமையே நாடகத் தொழிலின் மூலதனம் என்பதை மற்றவர்களுக்கு முன்பே அவர் உணர்ந்துகொண்டார். அந்த மூலதனத்துக்கு மதிப்பைத் தந்ததோ பிரிட்டிஷ் பேரரசின் சட்டம்.

அவருடைய முதல் பெருவெற்றியிலேயே இந்த உணர்வின் தடயம் தெரிகிறது. 1874இல் மனைவி மேகி மூருடன் மெல்போர்ன் தியேட்டர் ராயலில் அவர் நடித்த ‘ஸ்ட்ரக் ஆயில்’, சுரங்கத் தொழிலாளி ஒருவரிடம் அவர் நூறு டாலருக்கு விலைக்கு வாங்கி, வேறொருவரைக் கொண்டு திருத்தி எழுதுவித்த கையெழுத்துப் பிரதி. பிறர் நாடகத்தில் சம்பளத்துக்கு நடிக்க வந்தவரல்லர்; தம் உடைமையைக் கையில் கொண்டு வந்தவர். 1879இல் அதே கணக்கைப் பெரிய அளவில் போட்டார். கில்பர்ட்டும் சல்லிவனும் படைத்து, 1878இல் லண்டனில் அரங்கேறிய ‘எச்.எம்.எஸ். பினஃபோர்’ என்னும் நகைச்சுவை ஆப்பராவின் ஆஸ்திரேலிய உரிமையை 300 பவுனுக்குப் பெற்றார். அவர் ஆஸ்திரேலியாவுக்கு மீண்டும் வந்து இறங்குவதற்குள் உரிமையில்லாத கம்பெனிகள் அதை ஆடத் தொடங்கியிருந்தன. வில்லியம்சன் அவற்றோடு மேடையில் போட்டியிட்டுக்கொண்டிருக்கவில்லை. நீதிமன்றம் போனார்; தடையாணை வாங்கினார்; அவருடைய சொந்தத் தயாரிப்பு 1879 நவம்பரில் சிட்னியில் அரங்கேறியது.

இதே ஆண்டில் இதே ஆப்பராவுக்கு அமெரிக்காவில் நேர்ந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வாதம் துலங்கும். அங்கே வெளிநாட்டார் படைப்புக்குச் சட்டப் பாதுகாப்பு 1891 வரை இல்லை. ஆகவே ஊருக்கு ஊர் ‘பினஃபோர்’ ஆடப்பட்டது. படைத்தவர்களுக்குக் காசு வரவில்லை. அடுத்த படைப்பையாவது காப்பாற்றிக்கொள்ள ஆசிரியர்களும் அவர்களுடைய முதலாளி டாய்லி கார்ட்டும் நேரே நியூயார்க் சென்று, 1879 டிசம்பர் 31 அன்று அங்கேயே அதை அரங்கேற்றினார்கள். அந்தப் படைப்பு கடற்கொள்ளையரைப் பற்றியது என்பது தற்செயலாக அமைந்த நல்ல கேலி. லண்டனுக்கு நியூயார்க் எவ்வளவோ அருகில் இருந்தது. சிட்னிக்கோ கப்பலில் வாரக்கணக்கில் போக வேண்டும். ஆனால் நாடக ஆசிரியரின் நடிப்புரிமையை 1833ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகள் அனைத்துக்கும் விரித்திருந்தது; 1842ஆம் ஆண்டுச் சட்டம் இசைப் படைப்புகளையும் அதில் சேர்த்தது. அருகிலிருந்த நாட்டில் செல்லாத பத்திரம் தொலைவிலிருந்த குடியேற்றத்தில் செல்லுபடியானது. எனவே வில்லியம்சன் வாங்கியது ஒரு நாடகத்தை மட்டுமன்று, போட்டியாளர் இல்லாத ஒரு சந்தையை.

உரிமை மட்டும் போதுமென்றால் போட்டி நாடக முதலாளி ஜார்ஜ் மஸ்குரோவ் எப்படி எழுந்தார் என்று கேட்கலாம். 1880 இறுதியில் நடிகை நெல்லி ஸ்டூவர்ட்டை வைத்து அவர் மெல்போர்னில் நடத்திய பிரெஞ்சு ஆப்பரா, தொடர்ந்து நூறு இரவுகளைத் தாண்டி ஓடியது. கில்பர்ட்–சல்லிவன் இல்லாமலும் ஒருவர் பணம் பண்ண முடிந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்குப் பின் நடந்ததைக் கவனிக்க வேண்டும். 1882இல் வில்லியம்சன், மஸ்குரோவ், ஆர்தர் கார்னர் மூவரும் கூட்டுச் சேர்ந்தனர். நடிப்பில் வெல்ல முடியாத போட்டியாளரை ஒப்பந்தத்தில் உள்ளே இழுப்பதுதான் ஏகபோகத்தின் இயல்பு. ‘ராயல் காமிக் ஆப்பரா கம்பெனி’ என்ற நிலையான குழு, லண்டனிலிருந்து வரும் ஒவ்வொரு புதிய படைப்புக்கும் தயாராகக் காத்திருந்தது. 1886 டிசம்பரில் மெல்போர்னின் புதிய பிரின்சஸ் அரங்கம் ‘மிகாடோ’வுடன் திறக்கப்பட்டது. ஆளும் அரங்கும் உரிமையின் பின்னே வந்தன.

இன்னொரு மறுப்பு வலுவானது: சட்டம் எல்லாருக்கும் பொதுவாக இருந்தபோது, அதைக் கையாண்ட மனிதரின் திறமையையல்லவா பேச வேண்டும்? ஓரளவு ஏற்கத்தக்கதே. வழக்காடும் பொறுமை சட்டப் புத்தகத்தில் இல்லை. ஆனால் அத்திறமையின் எல்லையை 1890கள் காட்டின. 1890இல் கில்பர்ட்டும் சல்லிவனும் பிணங்கினர்; ஆஸ்திரேலியாவில் வங்கிகள் சரிந்து பொருளாதாரம் வீழ்ந்தது. நம்பகமான புதுச் சரக்கு லண்டனிலிருந்து வருவது குறைந்தபோது அதே திறமைசாலி தடுமாறினார். கூட்டும் அந்தப் பத்தாண்டில் முறிந்தது. 1902இல் சிட்னியில் அவருடைய அரங்கம் தீக்கிரையானது. அவரை மீண்டும் நிமிர்த்தியதில் ‘மெர்ரி விடோ’ போன்ற, வெளிநாட்டில் வெற்றிபெற்ற படைப்புகளின் உரிமைக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்த முறைக்கு ஒரு விலை இருந்தது. அதை வில்லியம்சனின் புகழ்பாடிகள் பேசுவதில்லை. சோதித்துப் பார்த்த வெற்றியை விலைக்கு வாங்க முடிகிறவர், சோதிக்காத உள்ளூர் எழுத்தில் ஏன் பணம் போட வேண்டும்? உள்ளூரில் எழுதப்பட்டவற்றுக்குப் பெரும்பாலும் கிடைத்த இடம் கிறிஸ்துமஸ் கால பேன்டோமைம் மட்டுமே. 1895இல் ‘ஜின் ஜின்’ என்ற ஒன்றின் ஆக்கத்தில் வில்லியம்சனே பங்குகொண்டார். கற்பனைக்குக் குறைவில்லாத மனிதர்தான். ஆயினும் 1911இல் வரையறுக்கப்பட்ட நிறுவனமாகி, அவர் 1913இல் பாரிசில் இறந்த பின்னும் அறுபதாண்டுகளுக்கு மேல் நீடித்த அந்தக் கம்பெனி, அவருடைய எழுத்தையன்றி அவருடைய கொள்முதல் பழக்கத்தையே கைவிடாமல் காத்தது.