அறைக்குதிரை முதல் ட்ரெட்மில் வரை

உடற்பயிற்சி இயந்திரம் ஜிம்முக்குள் நுழைவதற்கு வெகு காலம் முன்பே வீட்டுக்குள் வந்துவிட்டது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், வசதி படைத்தவர்களுக்கு மருத்துவர்கள் விரும்பிச் சொன்ன பயிற்சி குதிரையேற்றம். மழையாலோ நோயாலோ வெளியே போக முடியாதவர்களுக்கென்று ‘அறைக்குதிரை’ என்றொரு நாற்காலி உருவானது. தோல் போர்த்திய உயரமான இருக்கைக்கு உள்ளே பலகைகளை அடுக்கி, நடுநடுவே சுருள்கம்பிகளை வைத்திருப்பார்கள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு எம்பி எம்பி உட்கார்ந்தால், சவாரியின்போது குலுங்குவதுபோல உடல் குலுங்கும். அச்சகத்திலும் எழுத்துமேசையிலும் உட்கார்ந்தே உடல் கெட்டுப்போன நாவலாசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சனுக்கு மருத்துவர் ஜார்ஜ் செய்ன் கடிதம் வழியாகச் சொன்ன வைத்தியங்களில் இதுவும் ஒன்று. மெதடிஸ்ட் போதகர் ஜான் வெஸ்லி வாழ்ந்த லண்டன் வீட்டில் அப்படியொரு நாற்காலியை இன்றும் காணலாம்.

1796இல் பிரான்சிஸ் லவுண்ட்ஸ் ‘ஜிம்னாஸ்டிகான்’ என்ற கருவிக்குக் காப்புரிமை பெற்றார். கைக்குச் சுழற்றும் பிடி, காலுக்கு மிதிபலகை என்று ஒரே சட்டத்தில் அமைந்த இது, கையும் காலும் சேர்ந்து இயங்கும் இன்றைய எலிப்டிகல் இயந்திரத்துக்கு முன்னோடி. ஆனால் விலை கொடுத்து வாங்கவும் ஓர் அறையை ஒதுக்கவும் முடிந்தவர்களுக்குத்தான் இவையெல்லாம் எட்டின.

பலரும் ஓரிடத்தில் கூடிக் கட்டணம் கட்டி இயந்திரங்களைப் பயன்படுத்தும் முறைக்கு ஸ்வீடன் மருத்துவர் குஸ்தாவ் சாண்டர் வழி வகுத்தார். 1865இல் ஸ்டாக்ஹோமில் அவர் தொடங்கிய நிலையத்தில் கைக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, வயிற்றைப் பிசைந்துவிட இன்னொன்று என்று தனித்தனிக் கருவிகள் இருந்தன. சிலவற்றை நோயாளி இயக்கினார். சிலவற்றை நீராவி எந்திரம் இயக்கியது. எடையை நகர்த்தி, ஒவ்வொருவரின் வலுவுக்கும் ஏற்ப எதிர்ப்பைக் கூட்டிக் குறைக்க முடிந்தது. இன்றைய ஜிம் இயந்திரங்களின் அடிப்படையும் இதுதான். 1876இல் பிலடெல்பியா கண்காட்சிக்குச் சென்ற இந்தக் கருவிகள் பிறகு பல நாட்டு நகரங்களுக்கும் பரவின. 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் உடற்பயிற்சி அறையில்கூட மின்சாரக் குதிரையும் மின்சார ஒட்டகமும் இருந்தன. அறைக்குதிரைக்கு அதற்குள் மின்சாரம் கிடைத்துவிட்டது.

வீட்டையும் கூடத்தையும் ஒரே வியாபாரமாக்கியவர் பயில்வான் யூஜன் சாண்டோ. 1897இல் லண்டனில் பயிற்சிக்கூடம் திறந்த அவர், வர முடியாதவர்களுக்கு ரப்பர் பட்டை இழுகருவியும் விற்றார், அஞ்சல்வழிப் பாடமும் நடத்தினார். 1905 வாக்கில் இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்தார். பின்னாளில் பெங்களூரில் கூடம் நடத்திய கே. வி. ஐயரும் இதேபோல அஞ்சலில் பயிற்சி கொடுத்தார். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று பழகிய தமிழ்நாட்டுத் தேகப்பயிற்சிக் கூடங்களுக்கோ இயந்திரம் வெகு காலம் தேவைப்படவில்லை.

வீட்டுக்கருவிகளில் இன்று பரவலாகத் தெரிந்த ட்ரெட்மில்லின் பிறப்பு சிறையில். 1818இல் பொறியாளர் வில்லியம் கியூபிட் கைதிகளுக்காக வடிவமைத்த மிதிசக்கரத்தில், முடிவில்லாத படிக்கட்டில் ஏறுவதுபோல மணிக்கணக்கில் மிதிக்க வேண்டும். 1895இல் சிறைப்பட்ட எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டும் அதில் மிதித்தார். 1898ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பிரிட்டனில் அந்தத் தண்டனை வழக்கொழிந்தது. பெயர் மட்டும் நிலைத்தது. ஓடும் பட்டை கொண்ட ட்ரெட்மில்லை 1950களில் மருத்துவர் ராபர்ட் புரூஸ், பொறியாளர் வெய்ன் குவின்டன் இருவரும் அமெரிக்காவில் இதயப் பரிசோதனைக்குப் பயன்படுத்தினர். 1968இல் மருத்துவர் கென்னத் கூப்பரின் ‘ஏரோபிக்ஸ்’ நூல் வெளியானது. அதைப் படித்த பொறியாளர் வில்லியம் ஸ்டாப், சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய ட்ரெட்மில் சந்தையில் இல்லை என்று கண்டு தாமே ஒன்றைச் செய்து, கூப்பருக்கும் அனுப்பிவைத்தார். ஒரு காலத்தில் தண்டனையாக இருந்ததை மக்கள் காசு கொடுத்து வாங்கத் தொடங்கினார்கள்.

ஜிம்மும் சும்மா இருக்கவில்லை. 1965இல் ஜோ கோல்ட் கலிபோர்னியாவில் தொடங்கிய ‘கோல்ட்ஸ் ஜிம்’ பயில்வான்களின் இடம். 1970இல் ஆர்தர் ஜோன்ஸ் கொண்டுவந்த நாட்டிலஸ் இயந்திரங்களோ எடை தூக்கிப் பழகாதவர்களையும் ஜிம்முக்கு அழைத்துவந்தன. இருக்கையில் அமர்ந்து, இயந்திரம் விடும் பாதையிலேயே தள்ளினால் போதும். 1982இல் நடிகை ஜேன் ஃபோண்டாவின் பயிற்சி வீடியோ வந்ததும் கூடத்து வகுப்பு வரவேற்பறைக்குள் புகுந்தது.

வீட்டு இயந்திரத்தின் குறை ஒருநாளும் பல்சக்கரத்தில் இருந்ததில்லை. தவறாமல் வா என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லாததுதான் அதன் குறை. சைக்கிளோடு திரையைப் பொருத்தி, நேரலை வகுப்பை மாதச் சந்தாவுக்கு விற்ற பெலோட்டன் நிறுவனம் (2012) அதைத்தான் சரிசெய்யப் பார்த்தது. 2020இல் கொரோனாவால் ஜிம்கள் மூடப்பட்டபோது அதன் விற்பனை எகிறியது. ஊரடங்குகள் தளர்ந்து ஜிம்கள் திறந்ததும் தேவை சரிந்தது. 2022 பிப்ரவரியில் அந்நிறுவனம் சுமார் 2,800 பேரை வேலையிலிருந்து நீக்கியது.