கல்லில் பொறித்ததும் சில்லில் பொறிப்பதும்



திருமலைக் கோயிற் சுவர்களில் காணும் பழைய சாசனங்களுட் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. 13ஆம் நூற்றாண்டில், யாதவராயர் ஆட்சியில் திருப்பணி நடந்தபோது, முந்தைய சாசனங்களைப் படியெடுத்துப் புதுச் சுவரில் மீண்டும் பொறித்தனர். கல் மாறினும் சொல் மாறலாகாது என்பதே கருத்து.

அச்சீமைக்கு நம் காலத்தில் வேறொரு பொறிப்பு வேலை வந்து சேர்ந்தது. சத்தியவேட்டுப் பகுதி 1960 வரை செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. எல்லை மாற்றத்தால் சித்தூர் மாவட்டத்தோடு இணைந்தது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சார்ந்தது. அங்குள்ள ஸ்ரீசிட்டியில் 2015இல் பாக்ஸ்கான் நிறுவனம் ஷாவ்மி கைப்பேசிகளைச் செய்யத் தொடங்கியது.

உறுப்புகளையெல்லாம் பற்றவைத்த பின்னும் கைப்பேசி உயிரற்ற பண்டமே. அது விழித்தெழுந்து என்ன செய்யவேண்டும் என்ற கட்டளைகளை அதன் நினைவகச் சில்லில் எழுதவேண்டும். அக்கட்டளைத் தொகுதிக்கு 'ஃபர்ம்வேர்' என்ற பெயரை 1967இல் வழங்கியவர் ஆஷர் ஓப்லர். 1971இல் இன்டெல் நிறுவனத்தின் டோவ் ஃப்ரோமன், அழித்தெழுதத் தக்க சில்லை அமைத்தார். அதை அழிக்க, மேலுள்ள படிகச் சாளரத்தின் வழியே புற ஊதாக் கதிரைப் பல நிமிடங்கள் பாய்ச்ச வேண்டியிருந்தது. தோஷிபாவின் ஃபூஜியோ மசுவோகா 1984இல் அறிவித்த நினைவகமோ மின்சாரத்தாலேயே பகுதி பகுதியாக அழிந்தது. புகைப்பட மின்னலை ஒத்த அவ்வேகம் கண்டு, சக ஊழியர் ஒருவர் 'ஃபிளாஷ்' எனப் பெயர் சூட்டினார்.

இன்று மேசைக் கணினியில் ஒரு சிறு மென்பொருளும் ஒரு கம்பி வடமும் இருந்தாற் போதும். மென்பொருள் முதலில் பழையதை அழிக்கும். பின்பு புதியதை எழுதும். எழுதியதைத் திரும்பப் படித்து மூலத்தோடு ஒப்புநோக்கும். ஆபத்து நடுவில் இருக்கிறது. பழையது அழிந்து புதியது முற்றுப்பெறாத வேளையில் மின்சாரம் நின்றால், சாதனம் விழித்தெழும் வழியையே மறந்துவிடக்கூடும். அதனைப் பொறியாளர் 'செங்கல்' என்பர். அதனாலேயே துவக்கக் கட்டளையைத் தனியிடத்தில் காப்பதும், இரு படிகளை வைத்து ஒன்றை மட்டும் மாற்றுவதும் வழக்கமாயின.

மற்றொரு வினாவும் உண்டு: மாற்றியெழுதும் உரிமை யாருக்கு? தயாரிப்பாளரின் மின்னொப்பம் இல்லாத கட்டளையைப் பல சாதனங்கள் ஏற்பதில்லை. அது கயவரைத் தடுக்கிறது. ஆதரவு நின்றுபோன கருவியைச் சீர்செய்ய முயலும் உரிமையாளரையும் தடுக்கிறது.

பிற மாநிலங்களில் வாழும் நம் வீடுகளிலும் இத்தகைய கருவிகள் பல உள்ளன. புதுப்பிக்குமுன் பழைய படியைக் காத்துவைப்போம். நடுவில் மின்சாரத்தை நிறுத்தாதிருப்போம். பழைய சுவரைப் பிரிக்குமுன் படியெடுத்துக்கொண்ட முன்னோரின் விவேகம் இதற்கும் பொருந்தும்.