நடுவட்டத்தில் பிறந்தவன்

எங்கள் குளச்சலில் ஆறடி தாண்டிய பையன் கூடைப்பந்தைத் தொட்டால், "லேய் மக்கா, நீ ரிங்குக்குக் கீழ நில்லு" என்பதுதான் அவனுக்குக் கிடைக்கும் முதல் பாடம். அன்று முதல் அவன் 'சென்டர்'. ரிங் இருப்பதோ மைதானத்தின் கடைசியில். கடைசியில் நிற்பவனுக்கு நடு என்று ஏன் பெயர் வந்தது?

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் இந்த ஆட்டத்தை உண்டாக்கியபோது, பத்தடி உயரத்தில் மாட்டியது பீச் பழக்கூடை. மீன் சுமக்கிற நம் கடவம் போல அடி மூடிய கூடை. பந்து உள்ளே விழுந்தால் ஏணி வைத்து ஏறி எடுக்க வேண்டும். பந்து கூடையில் விழுந்த ஒவ்வொரு முறையும் அதை மைதானத்தின் நடுவுக்குக் கொண்டுபோய் மேலே எறிவது அந்தக் காலத்து விதியானது. இரு அணியிலும் ஒருவன் எம்பித் தட்டுவான். அதற்கு உயரமானவன்தானே வேண்டும்? நடுவில் நின்றவன் சென்டர் ஆனான்.

1937-ல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். நடுவில் அவனுக்கு வேலை குறைந்தது. ரிங் பக்கம் நகர்ந்தான். பெயரும் கூடவே போனது.

அப்படி நகர்ந்தவனைத் தொழில்முறை ஆட்டத்தின் நாயகனாக்கிக் காட்டியவர் ஜார்ஜ் மைக்கன். ஆறடி பத்து அங்குலம், தடித்த மூக்குக்கண்ணாடி, சொன்னபடி கேட்காத கால்கள். டிபால் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் ரே மேயர் அவரைக் கயிறு தாண்ட வைத்தார், நடனம் கற்க வைத்தார். பிறகு ரிங்குக்கு அடியில் நிறுத்தினார். வலப்பக்கம் இடது காலில் எம்பி வலக்கையால் ஒரு போடு; விழும் பந்தைத் தரை தொடுமுன் பிடித்து, இடப்பக்கம் வலது காலில் எம்பி இடக்கையால் ஒரு போடு. நிறுத்தாமல், கை ஓயும் வரை. இன்றும் உலகமெங்கும் அதற்கு மைக்கன் டிரில் என்றே பெயர்.

அந்த உழைப்புக்கு ஈடுகொடுக்க விதிகளே மாற வேண்டியிருந்தது. கூடைக்குள் இறங்கும் பந்தைத் தட்டிவிடக் கூடாது என்று 1944-ல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் தடை வந்தது, அவரையும் பாப் கர்லாண்டையும் போன்ற நெடியவர்களால்தான். பிறகு தொழில்முறை ஆட்டத்தில், மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியில் அவர் ரிங்கடியில் காலூன்றியதும், 1951-ல் ரிங்குக்கு முன் தாக்கும் ஆள் நெடுநேரம் நிற்கக் கூடாத கட்டத்தை ஆறடியிலிருந்து பன்னிரண்டு அடியாக அகலப்படுத்தினார்கள். அப்படியும் அவரை அடக்க முடியவில்லை.

இந்தியாவில் பிறந்தவர்களில், அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வின் அணி ஒன்று முதன்முதலாகத் தேர்ந்தெடுத்ததும் ஒரு சென்டரைத்தான். பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து சத்னாம் சிங், ஏழடி இரண்டு அங்குலம். புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2015 டிராஃப்டில் டல்லாஸ் மாவரிக்ஸ் அவரை 52-ஆவது ஆளாக எடுத்தது. ஆனால் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. அந்த வாசல்வரை உயரம் கொண்டுபோகும். உள்ளே ஆட கால் வேகமும் வேண்டும்.

அதனால் நம் கடற்கரைப் பள்ளிகளின் பி.டி. மாஸ்டர்களிடம் ஒரு வேண்டுகோள். நெடுநெடுவென வளர்ந்த பிள்ளை கால் இடறி விழுந்தால் மற்றவர்களைச் சிரிக்க விடாதீர்கள். அவன் கையில் முதலில் ஒரு ஸ்கிப்பிங் கயிற்றைக் கொடுங்கள்.